கலத்தலைவர் இறந்தவராகவே இருக்கட்டும்

செத்துப்போன ஒருவரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தியை நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றபடிதான் படித்தேன். கைப்பேசித் திரை முழுக்கக் கலத்தலைவரின் முகம். கீழே ‘அவர் சாகவில்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

விவரம் சொல்லிவிடுகிறேன். நான் பட்டுப் புடவைகளுக்குக் கணினியில் டிசைன் போட்டுக் கொடுக்கிறவன். மயில், யானை, ருத்ராட்சம் என்று பகலெல்லாம் கட்டம் கட்டமாக நிரப்புவதுதான் பிழைப்பு. ஆனால் தெருவில் என்னை யார் என்று கேட்டால் அதைச் சொல்ல மாட்டார்கள், “அந்த ஆகாசக் கப்பல் பைத்தியம்” என்றுதான் சொல்வார்கள். நான் சின்னவனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழில் டப் செய்து ஒளிபரப்பான ஒரு வெளிநாட்டு விண்வெளித் தொடர்தான் அந்த ஆகாசக் கப்பல். துருப்பிடித்த ஒரு விண்கலம். அதில் ஆறு பேர். கிரகம் கிரகமாகப் போய் மருந்தும் விதையும் கொடுத்துவிட்டு வருவார்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்தவரைத் தமிழில் பேசியவர்கள் ‘கலத்தலைவரே’ என்று அழைப்பார்கள். அப்படியொரு சுத்தத் தமிழை நாங்கள் பாடப் புத்தகத்துக்கு வெளியே கேட்டதே இல்லை. தெருப் பையன்கள் எல்லாரும் கோலி ஆடும்போதுகூட ஒருவனை ஒருவன் ‘கலத்தலைவரே’ என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தோம்.

கடைசிப் பாகத்தில் அவர் இறந்துபோனார். பனி மூடிய ஒரு நிலாவில் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். சுவாசிக்கும் காற்று உருளை ஒன்று குறைகிறது. தன்னுடையதைக் கழற்றிக் குழுவிலேயே சின்னவனான மெக்கானிக் பையனிடம் கொடுத்துவிட்டு, வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து பனியில் உட்கார்ந்துகொள்கிறார். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. தொடரும் அதோடு முடிந்தது.

முடிந்ததை முடிந்ததாக விடுகிற பழக்கம்தான் இவர்களுக்குக் கிடையாதே. முதலில் கலத்திலிருந்த ரோபோவின் சிறுவயதுக் கதை என்று ஒரு கிளைத் தொடர் வந்தது. ரோபோவுக்கு ஏதய்யா சிறுவயது? பட்டறையில் திருகு முடுக்குவதையா பத்துப் பாகம் காட்டுவார்கள் என்று கேட்டோம். காட்டினார்கள். அப்புறம் வில்லனுடைய கதை. கிரகம் கிரகமாகக் கொளுத்தியவனாம், ஆனால் சின்ன வயதில் அவனை யாரும் சரியாகக் கவனிக்கவில்லையாம், அதனால் நாம் அவனுக்காக அழ வேண்டுமாம். அந்தத் தொடருக்குத் தமிழ் பேசியவர்கள் பழைய குரல்கள் இல்லை. ‘கலத்தலைவரே’ போய் ‘இன்னா தல’ வந்துவிட்டது. எங்கள் ரசிகர் வாட்ஸப் குழுவில் அன்று இரவு விடிய விடியத் திட்டித் தீர்த்தோம். ஒவ்வொரு முறையும் இனி பார்ப்பதில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்வோம். வெளியான அன்றே முதல் ஆளாகப் பார்த்துவிட்டு வந்து காறித் துப்புவோம். இந்த விஷயத்தில் எனக்கு என் மேலேயே அருவருப்பு உண்டு.

ஆனாலும் அதெல்லாம் வெளிச்சுவரில் சாணி அடித்த கதைதான், கழுவிவிடலாம். கலத்தலைவரின் சாவில் கை வைப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

அந்தச் சாவைப் பார்த்தபோது எனக்குப் பதினாறு வயது. அதற்கு முந்தைய வருஷம்தான் என் நைனா வீட்டை விட்டுப் போயிருந்தார். எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தத் தொடருக்கு என்னைவிடப் பெரிய ரசிகர் அவர்தான். எதற்கும் நிற்காத தறி ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் நிற்கும். அவர் நாற்காலிக்கு வருவார், கூட நெய்யும் அம்மா தறியிலேயே இருந்து பார்ப்பாள், நான் தரையில். புடவை வாங்க வந்த முதலாளியாகவே இருந்தாலும் பேசாமல் உட்கார்ந்து அந்தக் கப்பலைப் பார்க்கத்தான் வேண்டும். சாப்பிடக் கூப்பிடும்போது அவர் கலத்தலைவரின் குரலில் என்னைக் கூப்பிடுவார். பிறகு ஒருநாள் ஆந்திராவில் தர்மாவரத்துக்குத் தறி வேலைக்குப் போகிறேன் என்று போனவர் அங்கேயே வேறு ஒரு குடும்பமாகிவிட்டார். தறியில் கட்டியிருந்த பாவு நூல் பாதியில் நின்றது. அம்மா போய் உட்கார்ந்து மீதியை நெய்தாள். புடவைக் கரைக்கு இழை ஓட்டும் நாடா தனி, அதைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

கடைசிப் பாகம் ஒளிபரப்பானபோது நான் தரையில் இருந்தேன், அம்மா தறியில் இருந்தாள். கலத்தலைவர் பனியில் உட்கார்ந்ததும் நாடாச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நல்ல மனுஷன்” என்றாள். மறுபடி நெய்ய ஆரம்பித்துவிட்டாள். நைனா போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு அந்தச் சாவு பிடித்திருந்தது. கேட்பதற்கு விகாரமாக இருக்கலாம், ஆனால் அதுதான் உண்மை. ஒருவர் போகிறார், எதற்காகப் போகிறார், யாருக்காகப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் அந்த அளவுக்குக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை. தெருவில் கேட்டால் அம்மா “வேலைக்குப் போயிருக்காரு” என்பாள். வருஷம் போகப் போகக் கேட்பவர்கள் குறைந்தார்கள், அவளுடைய பதில் மட்டும் மாறவில்லை.

டீக்கடையில் அந்தச் செய்தியைப் படித்த அதே வாரத்தில் முசரவாக்கத்திலிருந்து அத்தை வந்தாள். நைனாவின் அக்கா. காபியைக் கையில் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். “தம்பி எங்க ஊட்டுல வந்து இருக்குதுமா. அங்க அந்தப் பொம்பள போய்ச் சேந்துட்டா. புள்ளைங்க இவன வெச்சிக்க மாட்டேன்னுடுச்சிங்க. இங்கயே வந்து இருக்கறேன்னுது. நீ தான் ஒரு வார்த்த சொல்லணும்.”

அம்மா கொஞ்ச நேரம் நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழம வரச் சொல்லுங்க” என்றாள்.

அத்தை போன பிறகு, “இன்னாமா இது?” என்று கத்தினேன். “வரட்டும்பா” என்றாள். இவளும் எங்களை மாதிரிப் பார்வையாளர்தான், எதைக் கொண்டுவந்து போட்டாலும் உட்கார்ந்து பார்த்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை புது எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. இத்தனை வருஷம் கழித்து நைனா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது: “நம்ம ஆளு உயிரோடதான் இருக்காராமேபா! புதுப் பாகம் வருதாமே. ஞாயித்துக்கிழம சேந்து பாக்கலாமா?”

அவர் என்ன சொல்லியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் ஞாபகம் இருந்திருக்கிறது, கலத்தலைவர் ஞாபகம் இருந்திருக்கிறார். நான் அழைப்பைத் துண்டித்துவிட்டேன். குழுவில் அந்தப் புதுத் தொடரைப் பற்றி அன்றைக்கு நான் எழுதியதைப் படித்துவிட்டு, பழக்கமான ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பி உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். தலைக்குப் புதிதாக மை அடித்திருந்தார், காதோரத்தில் தோலிலும் கறுப்பு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பெரிய பை. துணிமணி எல்லாம் அதில்தான் இருக்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது. அதை வாசற்படிக்கு உள்பக்கம் வைத்துவிட்டு நேராகத் தறிக்குப் போனார். நெய்திருந்த புடவையை விரலால் தடவினார்.

“பாவு கொஞ்சம் தொய்வா இருக்குதே” என்றார்.

அம்மா, “அது அப்பிடிதான் இருக்கும்” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த ரிமோட்டை வீசியிருப்பேன். வீசாமல் தொடரைப் போட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதைவிட எதையாவது பார்ப்பது மேல் என்று தோன்றியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், அம்மா தறியில், நான் தரையில். பழைய இடங்களிலேயே போய் உட்கார்ந்துவிட்டோம் என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் இடம் மாறி உட்காரவில்லை.

தொடர் எதிர்பார்த்ததைவிட மோசம். அந்த நடிகருக்கு வயதாகிவிட்டதால் கணினியில் முகத்துக்கு இஸ்திரி போட்டிருந்தார்கள். சிரித்தால் கன்னம் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போனது. குரல் வேறு. பனியில் செத்தது அவரைப் போலச் செய்த நகல் என்றார்கள். உண்மையான கலத்தலைவர் தலையில் அடிபட்டு நினைவு தப்பி, எங்கோ ஒரு கிரகத்தில் தோட்ட வேலை செய்துகொண்டிருந்தாராம். நான் அழுத அழுகை எல்லாம் ஒரு பொம்மைக்கு என்று சொல்கிறார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த விளக்கம் வரும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருவேளை நல்ல காரணமாகச் சொல்லிவிடுவார்களோ என்று கடைசிவரை ஓர் ஆசை இருந்தது. இத்தனை வருஷம் இவர்களை நான் திட்டிக்கொண்டிருந்ததும் அந்த ஆசையால்தான்.

அம்மா நெய்வதை நிறுத்தியிருந்தாள். “இவ்ளோ வருசமா எங்க இருந்தாராம்?” என்று கேட்டாள்.

என்னைத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். நைனா முந்திக்கொண்டார். “வேற கிரகத்துலமா. நெனப்பு தப்பிப் போச்சி அவுருக்கு.”

“நெனப்பு தப்பிப் போச்சா?”

“அவுனு” என்றார். ஆமாம் என்பதைத் தெலுங்கில் சொல்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் அந்தச் சொல்லை அவர் முன்பு சொன்னதில்லை. குரலை மாற்றிவிட்டார்கள் என்று குழுவில் எழுதுவோமே, அது எனக்கு ஞாபகம் வந்தது.

அம்மா விடவில்லை. “இவருக்கோசரம் இத்தினி பேரு காத்துக்கினு இருந்தாங்களே. ஒரு சேதி சொல்லி அனுப்பறதுக்குக்கூடவா அந்த ஊருல ஒரு ஆளு இல்ல?”

நைனா டிவியையே பார்த்தார். அங்கே விண்கலத்தின் கதவு திறந்தது. கலத்தலைவர் கையை விரித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குக் காற்று உருளையை வாங்கிக்கொண்ட அந்தச் சின்னப் பையன், இப்போது தலை நரைத்தவன், ஓடிவந்து கட்டிக்கொண்டான். பின்னணியில் வயலின்கள் கதறின. எல்லாரும் கைதட்டினார்கள்.

“அந்தப் பையன் ஒண்ணுமே கேக்கலியே” என்றாள் அம்மா. “எங்க போயிருந்தேன்னு ஒரு வார்த்த கேக்கலியே.”

தறியை விட்டு எழுந்தாள். புடவையை உதறிக்கொண்டாள்.

“சோறு ஆயிடுச்சி. சாப்ட்டுட்டுக் கெளம்புங்க. ரெண்டு மணிக்கு முசரவாக்கம் பஸ்ஸு இருக்குது.”

“பை…” என்றார் அவர்.

“வாசல்லதான் இருக்குது. மறக்காம எடுத்துக்கினு போங்க.”

குரலில் கோபமே இல்லை. இலை போட்டு உட்கார வைத்தாள். கத்தரிக்காய்க் குழம்பு அவருக்குப் பிடிக்கும், அதைத்தான் வைத்திருந்தாள். ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்ளச் சொன்னாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். எழுந்து கை கழுவி, பையை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். நான் டிவியை நிறுத்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அவர் தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து இலையை எடுத்துப் போட்டு, அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தாள்.

நான் கைப்பேசியை எடுத்துக் குழுவில் எதையாவது எழுதலாம் என்று பார்த்தேன். ஏற்கெனவே நூறு பேர் காறித் துப்பியிருந்தார்கள். எனக்கு ஒரு வரிகூட வரவில்லை.

அம்மா என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்து அவள் டிவி பார்த்ததே கிடையாது.

“அந்தப் பழசு உன்னாண்ட இருக்குதா?” என்று கேட்டாள்.

“எதுமா?”

“அவரு செத்துப் போவாரே. அத போடுபா.”

பழைய தமிழ்ப் பாகங்களை யாரோ டிவியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்ததை வாங்கி நான் ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்திருந்தேன். தேடி எடுத்துப் போட்டேன். படம் மங்கல்தான், நடுநடுவே கோடு ஓடியது. குரல் மட்டும் அதே குரல். கலத்தலைவர் காற்று உருளையைக் கழற்றிச் சின்னப் பையனிடம் கொடுத்தார். சக்கரத்தில் சாய்ந்து பனியில் உட்கார்ந்தார். அவர் தலை சாய்கிற வரைக்கும் அம்மா கண்ணை எடுக்கவில்லை.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்ல மனுஷன்” என்றாள்.