மார்பில் கட்டிய வேட்டி

தஞ்சாவூர் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டவர். வேட்டியை மார்புவரை ஏற்றிக் கட்டியிருந்தார். எழும்போதெல்லாம் வயிற்றோரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

என் அப்பாவுக்கு மறுவாரம் அதே அறுவை சிகிச்சை. சிறுநீருக்கு வயிற்றின் வெளியே பை ஒட்டுவதா, குடலைக் கொண்டு உள்ளேயே புதுப் பை தைப்பதா என்று நாங்கள் முடிவு சொல்ல வேண்டும். மடியில் குழந்தையோடு அவரிடம் கேட்டேன்.

"ஐயா, வெளிப்பை பரவாயில்லையாங்க?"

"பை நல்லாத்தாம்மா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியாச்சேன்னு மவன் பேண்ட்டைப் போட்டுட்டு வந்தேன். பை ஒட்டுற எடம்னு பெல்ட்டுக்கு மேல புள்ளி வச்சு, அங்கயே ஓட்டை போட்டுட்டாங்க. நான் வேட்டி கட்டுற இடமே அதுதான். இப்பப் பாவாடைய ஏத்திக் கட்டுன பொம்பள மாதிரி இருக்கேனாம். 'ஆத்துக்குக் குளிக்கவாக்கா?'ங்கிறானுவ ஊர்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அப்பாவும் அன்று என் கணவரின் பேண்ட்டில்தான் வந்திருந்தார்.

உள்பைக்கு அவ்வப்போது குழாய் விட வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் பயந்து வெளிப்பையையே சொன்னேன். புள்ளி வைக்கும் நாளில் அப்பாவை வேட்டியில் அழைத்துப்போனேன்.

இன்று அந்த வேட்டி இடுப்பில் சரியாக நிற்கிறது. அப்பாதான் பையோடு வெளியே போகக் கூசி வாசலைத் தாண்டுவதில்லை. உள்பையைச் சொல்லியிருக்கலாமோ? அத்தனை கேலிக்கு நடுவே அந்த மனிதர் தெருவில் எப்படி நடந்தார் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.