இரண்டு பத்துக்கு இறங்கிய கூடை

இது நடந்தது. நடக்கவில்லை என்று யாராவது நிரூபித்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

பள்ளியை விட்டபின் ரோக்கோ மாமாவின் ரொட்டிக் கடையில் சேர்ந்தேன். நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் இத்தாலியக் கிராமமான பியெத்ராஸ்கூராவின் மேல்தெரு காலியாகிவிட்டது. பழைய கோபுரத்தின் நிழலில் நுன்சியா அத்தை மட்டும் தனியாக இருந்தாள். ஒரே மகன் தொலைவில், டூரின் நகரில். காலையில் நான் போனதும் மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். ரொட்டியை வைப்பேன். "நல்லாயிரு புள்ள" என்று குரல் வரும். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். எனக்கு அது பிடித்திருந்தது.

"உனக்கேத்த வேலைதான், மேனா," என்பார் மாமா. "அந்தக் கூடைகூட உன்னைவிட ரெண்டு வார்த்தை கூடப் பேசும்."

அந்த ஆகஸ்டில் அடுப்பு பழுதாகி, ரொட்டி தாமதமாகவே வெந்தது. நான் மேலே போகும்போது பிற்பகல் 2.10. ஊரே ஜன்னலை அடைத்துத் தூங்கும் நேரம். அந்த நேரத்தில் தெருவில் நடமாடுபவர்கள் செத்தவர்கள், யார் தட்டினாலும் வாய் திறக்காதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

செவ்வாய். கூடை இறங்கியது. குரல் வரவில்லை. கூடையில் ஒரு சீட்டு. 'மேலே வா.'

எனக்குக் கூச்சம். ரொட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

புதன், 2.10. நல்ல காற்று. ஆனால் கூடை ஆடவே இல்லை... நேற்றைய ரொட்டி அப்படியே இருந்தது. 'சீக்கிரம் வா.'

தெருக்கதவுக்குப் பின்னால்... டொக். டொக்.

என் முழங்கால் உயரத்தில்.

அன்றைய ரொட்டியையும் கூடையில் போட்டுவிட்டு ஓடினேன்.

"அத்தை வீட்டுக் கதவை உள்ளேருந்து யாரோ தட்டுறாங்க, மாமா."

"இந்த நேரத்துல பேய்தான் தட்டும். ரொட்டி வேணும்னா கடைக்கு வரச் சொல்லு!"

கடையே சிரித்தது.

வியாழன், 2.10. கூடையில் காய்ந்த ரொட்டிகள் இரண்டு. 'கதவைத் திற.'

டொக்...

நான் வாய் திறக்கவில்லை.

டொக்.

பிறகு இல்லை.

வெள்ளிக்கிழமை கூடை இறங்கவில்லை.

சனிக்கிழமை போலீஸ் வந்தது. நுன்சியா அத்தை படிக்கட்டின் அடியில், கதவை ஒட்டிக் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. திங்கள் மாலையே விழுந்துவிட்டாள், வியாழன் பிற்பகல் வரை உயிர் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். கதவில் பூட்டு இல்லை. வெறும் தாழ்ப்பாள். கிடந்தவளுக்கு எட்டவில்லை. வெளியிலிருந்து ஒரு விரலால் தூக்கலாம்.

மாடியில் யாருமே இல்லை.

அடக்கத்தன்று ரோக்கோ மாமா தொப்பியைக் கழற்றிக்கொண்டு அத்தையின் மகனிடம் சொன்னார்: "ஒரு சத்தம்கூடக் கேக்கலையே, தம்பி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் வழக்கம்போல் பேசவில்லை.

மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எங்கம்மாவுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கதவுக்கு அடியில ஒரு சீட்டாவது தள்ளியிருப்பா."

என் பாவாடைப் பையில் மூன்று சீட்டுகள் இருந்தன.