தம்பி விட்டுப்போன திறந்த கார்

ஆவணி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழேகால் மணி. வானம் மூடாப்பு, ஆனால் மழை இல்லை. மேல்காற்றில் தெரு முழுக்கப் புழுதி. அந்த நேரத்தில்தான் எங்கள் வைக்கோல் கொட்டகையைத் திறந்து, என் தம்பியின் காரை வெளியே தள்ளினோம். தள்ளியவர்கள் ஆறு பேர். தும்மியவர்களும் ஆறு பேர்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் தம்பியைத் தெரியும் — எதையும் வாங்குவான், எதையும் வைத்துக்கொள்ள மாட்டான். சீமைக்குத் திரும்பிய ஒரு மலை எஸ்டேட் துரையிடம் இந்தக் காரை வாங்கினான். சிவப்பு நிறம். இரண்டே ஸீட். கூரை கிடையாது. பந்தயத்துக்கென்றே செய்த வண்டி என்றான். சங்கரன்கோவிலில் யாரோடு பந்தயம்? அதற்குள் யுத்தத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. "ரெண்டே மாசம் கெடக்கட்டும்ணே" என்று கொட்டகையில் விட்டுவிட்டுப் பம்பாய்க்கு வேலைக்குப் போனான். ஒன்பது வருஷம் ஆயிற்று.

இப்போது அதை எழுப்புவானேன்?

என் கடைசி மகள் கோமதிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். சம்பந்தி புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரி. நல்ல மனிதர். நகை, ரொக்கம் என்று வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மூத்த பையனின் மாப்பிள்ளை அழைப்புக்கு மூடின கார் வந்ததாம். ஊரில் ஒருவர்கூட மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லையாம். இவனையாவது திறந்த காரில் அழைக்க வேண்டும்.

திருநெல்வேலியில் வாடகைக்கு விசாரித்தேன். நாற்பத்தைந்து ரூபாய்! சொந்தத்தில் ஒன்று சும்மா கிடக்கும்போது...? வாக்குக் கொடுத்துவிட்டேன். வயது அறுபத்து நான்கு. இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பஸ் ஸ்டாண்டில் லாரி ரிப்பேர் பார்க்கும் சுடலைமுத்து வந்தார். பானெட்டைத் திறந்தால் எலிக் குடும்பம் — ஏழு உருப்படி. ரேடியேட்டரிலிருந்து வந்த தண்ணீர் வெல்லப்பாகு நிறம். கார்புரேட்டர், பிளக், கண்ட குழாய் எல்லாவற்றையும் கழற்றிப் பாயில் பரப்பினார். திரும்பப் பூட்டி முடித்தபோது ஒரு திருகு மிஞ்சியது.

"அது வெள்ளைக்காரன் கூடுதலா போட்டது, அண்ணாச்சி" என்றார். எனக்கு அன்று தூக்கம் போயிற்று.

செவ்வாய்க்கிழமை பூராவும் முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினார். இரண்டு இருமல் இருமும், நின்றுவிடும்.

"பெட்ரோல் வருது, பொறி வருது. மூச்ச உள்ள இழுக்கு, வெளிய விட மாட்டேங்கு" என்றார். சொல்லிவிட்டு, மறுபடியும் முன்பக்கத்தையே கழற்றினார்.

புதன்கிழமை பத்து மணி பஸ்ஸில் சம்பந்தி வந்து இறங்கினார். கையில் ஒரு பை எலுமிச்சம்பழம். காரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், பின்னால் போய் நின்றார். சுடலைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

வெடிச் சத்தம். கறுப்பாக ஏதோ ஒன்று சைலன்சர் குழாயிலிருந்து பாய்ந்து சம்பந்தியின் முழங்காலில் பட்டது. பின்னாலேயே இன்னொன்று, இன்னொன்று... அப்புறம் கார் உறுமிற்று பாருங்கள், தெருக்கோடி வரை நாய்கள் ஓடின.

நான் குனிந்து பொறுக்கினேன். பழம்புளி மாதிரி சுருண்ட கட்டிகள். எண்ணினேன்: ஒன்பது. ஒவ்வொன்றிலும் கருகிய ஊதுபத்திக் குச்சி.

புரிந்துவிட்டது. ஆயுத பூஜையன்று என் மனைவி அம்மியில் தொடங்கி என் பேனா வரைக்கும் பொட்டு வைப்பவள். காரை விடுவாளா? ஊதுபத்தி செருக ஒரு வாழைப்பழம் வேண்டும். பழத்தை நிறுத்த ஓர் இடம் வேண்டும். காரின் பின்னால் அளவெடுத்தாற்போல ஓர் ஓட்டை! வருஷா வருஷம் புதுப் பழம் பழைய பழத்தை உள்ளே தள்ளியிருக்கிறது.

அவசரமாகத் துண்டில் சுருட்டி ஒளித்தேன். சம்பந்தியோ கண்ணை மூடி மோந்துகொண்டிருந்தார்.

"பெட்ரோல் வண்டியில பத்தி வாசம் வருதே, சம்பந்தி. தெய்வம் குடியிருக்குற வண்டியா இது?"

ஆமாம் என்றேன். வாசலில் நின்ற என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "வருசா வருசம் நான் பத்தி கொளுத்தி வச்சது வீண் போகல, பாத்தியளா."

இதற்கு மேல் அவளிடம் எதைச் சொல்வது? துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். பக்தியை என்ன செய்ய? சொல்லவில்லை. அவள் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

வியாழன் மாலை ஆறு மணி. பிள்ளையார் கோவில் வாசல். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை காரில். பக்கத்தில் ஓட்டுவதற்குப் புதுச் சட்டையில் சுடலைமுத்து. காஸ் விளக்குகள், நாதஸ்வரம், பாதி ஊர். என் மனைவி ஆரத்தி சுற்றி, கார் முழுவதும் பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தாள். சுடலைமுத்து இறங்கி ஹாண்டிலைச் சுற்றினார்.

இரண்டு இருமல். நின்றுவிட்டது.

மறுபடியும். மறுபடியும். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே மூன்றாம் முறை வாசித்தார். சம்பந்தியின் முகம் சுருங்கிற்று. அவருடைய தம்பி எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "மூத்தவனுக்கு வந்தது மூடின காருன்னாலும் ஓடுச்சு."

அப்போது காற்று திரும்பியது. ஊதுபத்தி வாசம்... பின்னால் ஓடினேன். அங்கே, பளிச்சென்று, குழாய்க்குள் பாதியும் வெளியே பாதியுமாகப் பத்தாவது பழம்!

அங்கவஸ்திரத்தைக் கீழே நழுவவிட்டு, எடுப்பதுபோலக் குனிந்து பிடுங்கினேன். விரல் சுட்டது. குச்சிகளை உதறிவிட்டு நிமிர்ந்தால், எதிரே சம்பந்தி.

"என்ன சம்பந்தி அது?"

"பிரசாதம்."

செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டிவிட்டார். என்ன செய்வேன்? உரித்துப் பாதி கொடுத்தேன். நான் சாப்பிடக் காத்துக்கொண்டு நின்றார். மீதிப் பாதி எனக்கு.

"கொஞ்சம் மருந்து வாசம் அடிக்கே" என்றார், கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு.

"மலைப்பழம்லா" என்றேன்.

சுடலைமுத்து ஒரே சுற்று. கார் உறுமிற்று. நான்கு ரத வீதியும் நடை வேகத்தில் வந்தோம். மாடியில் நின்ற குழந்தைகள்கூட மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தன. சம்பந்தி தம் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அதற்கே எல்லாம் தகும் என்று என் மனைவி சொல்கிறாள். அடுத்த ஆயுத பூஜைக்கு இரண்டு பழமாக வைக்கப் போகிறாளாம்.

வாடகைக் காருக்கு நாற்பத்தைந்து ரூபாய். சும்மா கிடந்த சொந்தக் காருக்கு எண்பத்தேழு ரூபாய் ஆறணா — பழம் பத்தும் தனி.