பல்கனிக் கதவைப் பூட்டியவர்

எங்கள் கத்தோலிக்கப் பங்கு மண்டபத்தில் அந்த வருடம் போட்ட கூத்தில் நான் மந்திரி. நாள் முழுக்க முதியோர் இல்லச் சமையலறையில் நின்று வீங்கின காலோடு, சனிக்கிழமைப் பின்னேரங்களில் மத்தளத்துக்கு ஆட்டம் மிதிப்பதென்பது ஆசைப்பட்டுச் செய்கிற காரியம் இல்லை. பங்குத் தலைவர் கேட்டார். அவர் கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. நான் ஒரு பையோடு நோர்வேக்கு வந்து இறங்கியபோது இரண்டு குளிர்காலம் தன் அறையில் என்னை வைத்திருந்தவர் அவர். கட்டிலை எனக்குத் தந்துவிட்டுத் தான் நிலத்தில் படுத்தார். கேட்டதற்கு, "எனக்கு முதுகு நோ, நிலந்தான் நல்லது" என்றார். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கூத்தில் அவர்தான் ராசா. கதை பழைய காலத்து ராச்சியம் ஒன்றில் நடக்கிறது. தன் நாட்டில் ஒருவரும் மந்திரம் செய்யக்கூடாது என்று ராசா பறை அறைவிக்கிறார். நூல் கட்டினால் கை போகும், ஓதினால் தலை போகும். அந்த நேரம் பார்த்து இளவரசனுக்குக் காய்ச்சல் வருகிறது. காட்டோரத்தில் இருக்கிற ஒருத்தி வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு மருந்து கொடுக்க, பிள்ளை எழும்பிவிடுகிறான். முணுமுணுத்ததற்காக அவளுக்குத் தலைவெட்டு. மந்திரி ராசாவின் காலில் விழுந்து மூன்று தரம் மன்றாடுகிறான். மூன்றாம் தரம் அவனையும் நாட்டை விட்டுத் துரத்துகிறார்கள்.

எழுதியதும் பழக்கியதும் எங்கள் அண்ணாவியார். பகலில் பஸ் ஓட்டுகிறவர். என் மன்றாட்டம் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

"உதென்ன நிலை? மந்திரி மாதிரியே நிக்கிறாய்? விசா அலுவலகத்திலை நம்பர் எடுத்துப்போட்டு நிக்கிற ஆள் மாதிரி எல்லோ நிக்கிறாய்."

"நான் முப்பது வருசம் அப்பிடித்தான் அண்ணாவியார் நிண்டனான்."

"மேடையிலையாவது நிமிரு."

பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மிச்சம் எல்லாம் சனத்தின் வாயிலிருந்து பொறுக்கியதுதான். ஆராவது நல்லதாக ஒன்று சொன்னால், ரயிலில் வரும்போது பழைய கொப்பி ஒன்றில் எழுதி வைத்துக்கொள்வேன். அந்தக் கொப்பியில் பாதிக்கு மேல் ஓர் அக்காவின் வாயிலிருந்து வந்தது. அம்மருட்டில் நான் இருக்கிற அதே மாடிக்கட்டடத்தில், எனக்கு நாலு தட்டு மேலே இருக்கிறார். மன்னார்ப் பக்கத்து ஆள். கூத்தில் பிற்பாட்டுப் பாடுவதும் அவர், எல்லாருக்கும் உடுப்புத் தைப்பதும் அவர். தன் கல்யாணக் கூறைச் சேலையின் சரிகைக் கரையை வெட்டித்தான் என் மந்திரிச் சட்டைக்கு விளிம்பு வைத்தார். "பெட்டிக்குள்ளை கிடந்து என்னத்தைக் காணப்போகுது, உன்ரை வயித்திலையாவது மினுங்கட்டும்" என்றார்.

அந்த அக்கா பிள்ளைகளுக்குக் கண்ணூறு, நாவூறும் கழிப்பார். செத்தல் மிளகாயும் கல்லுப்பும் கையில் பொத்திப் பிள்ளையின் தலையை மூன்று தரம் சுற்றி, அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே நெருப்பில் போடுவார். மிளகாய் எரிந்து எல்லாருக்கும் கமறினால் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. எரிந்தும் கமறாவிட்டால் நாவூறு இருந்திருக்கிறது, அதோடு போயிற்று. இவ்வளவுதான் அவருடைய வித்தை. கோயில் முற்றத்தில் இதை ஒருவரும் கதைப்பதில்லை. பிள்ளை மூன்று நாள் பால் குடிக்காவிட்டால் மட்டும் அவருடைய தொலைபேசி அடிக்கும்.

ஒருமுறை கோயில் கோப்பி நேரத்தில் தலைவர் அவரைச் சீண்டினார்.

"இஞ்சை லிஃப்டுக்குள்ளையே ஒருத்தன்ரை முகத்தை ஒருத்தன் பாக்கிறதில்லை. பிறகு எங்காலை அக்கா நாவூறு வரும்?"

"தமிழ்ச்சனம் பாக்குமே" என்றார் அக்கா. அதையும் கொப்பியில் எழுதினேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றமுதல் தலைவர் தொலைபேசி எடுத்தார். அவருடைய பேரப்பிள்ளைக்கு நாற்பது நாள்கூட இல்லை. இரண்டு நாளாக ஓயாமல் அழுகிறது. டொக்டர் பார்த்து ஒன்றும் இல்லை என்றுவிட்டார்.

"தம்பி, அக்காவை ஒருக்கா ஏத்திக்கொண்டு வாறியே? ஒருத்தருக்கும் சொல்லாதை."

அக்கா மிளகாயைக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். ட்வெய்ட்டாவில் அவர்களுடைய வீடு ஏழாம் தட்டு. பிள்ளையின் தாய், தலைவரின் மகள், கதவைத் திறந்தபோதே அழுவாள் போல நின்றாள். இங்கே பிறந்து வளர்ந்து, ஆசுப்பத்திரியில் வேலை செய்கிற பிள்ளை.

"அன்ரி, எனக்கு இதிலை நம்பிக்கை இருக்கோ இல்லையோ தெரியாது. ஆனா நான் நித்திரை கொண்டு இரண்டு நாள்."

"நம்பிக்கையை நான் வச்சிருக்கிறன். நீ பிள்ளையைப் பிடி" என்றார் அக்கா.

சுற்றி முடித்துவிட்டு அக்கா பல்கனிக் கதவைத் திறந்தார். பழைய தகரத்தில் கரி போட்டு வெளியில் எரிப்பதுதான் அவர் வழக்கம். அன்றைக்கு வெளியே மைனஸ் பதினாறு. குளிர் உள்ளே வந்ததும் தலைவர் எழும்பிப்போய்க் கதவைச் சாத்தி, கொண்டியையும் போட்டார்.

"பிள்ளைக்குக் குளிரும். குசினியிலை எரியுங்கோ."

"இது வீட்டுக்குள்ளை எரிக்கிற சாமான் இல்லை. புகை நிக்கும்."

"ஒரு கைப்பிடி மிளகாய்தானே அக்கா. நாங்கள் சமைக்கிறேல்லையே?"

அவரே தாச்சியை எடுத்து அடுப்பில் வைத்து, ஆக உயர்ந்த சூட்டுக்குத் திருப்பிவிட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். மிளகாய் தாச்சியில் விழுந்தது.

முதலில் எங்களுக்குக் கமறியது. பிறகு வீட்டு அலாரம் அடித்தது. அது கட்டடம் முழுக்கத் தொடுத்த அலாரம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பதினைந்து நிமிடத்தில் ஏழு தட்டுச் சனமும் கீழே பனிக்குள் நின்றது. ஒருவர் குளியல் உடுப்போடு, ஒரு பெண் பூனையோடு. புகை படிக்கட்டு வழியே இறங்க, சனம் ஆளையாள் பார்த்து இருமியது. தீயணைப்பு வண்டி வந்தது. அந்த நெரிசலுக்குள் அக்கா மகளின் காதுக்குள் சொன்னார்: "பயப்பிடாதை, பிள்ளைக்கு ஒண்டுமில்லை. பார், முழுச் சனத்துக்கும் கமறுது." பிள்ளை தாயின் ஜாக்கெட்டுக்குள் நித்திரையாகி இருந்தது.

தீயணைப்புக்காரர் தலைவரிடம் என்ன நடந்தது என்று கேட்டார். தலைவர் நோர்வே மொழியில் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்த ஒரு வயதான அம்மா, எங்களைக் கேளாமல் ஏதோ எரித்துவிட்டாராம். அக்காவுக்கு அந்த மொழி அவ்வளவாக ஓடாது. எனக்கு ஓடும்.

அடுத்த நாளே வண்டியின் படம் எங்கள் சனத்தின் குறூப்பில் வந்தது. கீழே ஒருவர், "ட்வெய்ட்டாவிலை சூனியம் வெட்டினவையாம்" என்று எழுதினார். சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக விழுந்தன. கட்டட நிர்வாகத்திலிருந்து தலைவருக்குக் கடிதமும் வந்தது. பங்கின் தலைவர் வீட்டில் சூனியம் என்றால் அவர் முகத்தை எங்கே வைப்பார்?

அந்தச் சனிக்கிழமை பழக்கம் முடிந்ததும், கதிரைகளை வட்டமாகப் போட்டுக் கூட்டம் வைத்தார்கள். அக்காவும் மடியில் ராசாவின் உடுப்பை வைத்து ஊசி குத்திக்கொண்டு இருந்தார். தலைவர் எழும்பினார்.

"நான் ஆரையும் நோகச் சொல்லேல்லை. அக்கா பிள்ளையைப் பாக்கத்தான் வந்தவா. எங்களைக் கேளாமல் குசினிக்குள்ளை போய் எரிச்சுப்போட்டா. மந்திர வேலையை வச்சுக்கொண்டு கோயில் மேடையிலை நிக்கேலாது. இந்த வருசம் அவ பிற்பாட்டிலை நிக்காமல் விட்டா எல்லாருக்கும் நல்லது."

அக்கா ஊசியை உடுப்பில் குத்தி நிறுத்திவிட்டு, தலைவரைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார். குசினிக்குள் இருந்தது நாங்கள் நாலு பேர். மகள் கூட்டத்துக்கு வரவில்லை. "தம்பி, நீ நிண்டனிதானே" என்று மட்டும் கேட்டார்.

அந்த இரண்டு குளிர்காலமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். அது ஏற்கெனவே கட்டியிருந்தது. அக்கா உடுப்பை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டுக் குளிர்ச்சட்டையைக் கொளுவிக்கொண்டு போனார். அண்ணாவியார் தொண்டையைச் செருமி, "சரி, மந்திரி இரண்டாம் மன்றாட்டத்திலை தாளம் விடுறார், திரும்ப எடுப்பம்" என்றார்.

கிழமை நடுவில் மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மாமா, அப்பா சொன்னது பொய் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"நீ சொல்லன் பிள்ளை. உன்ரை வீடு."

"நான் சொன்னா ஒரு வீடு உடையும். நீங்கள் சொன்னா ஒரு கூட்டம்தான் உடையும்."

கொப்பியைத் திறந்து இதை எழுதப் போய், எழுதாமல் மூடிவைத்தேன். பிறகு வந்த மூன்று கிழமையும் லிஃப்டில் அக்காவைச் சந்திக்கக்கூடாதென்று படியால் ஏறினேன். சமையலறை வேலைக்குப் பிறகு ஐந்து தட்டு. களைத்துப்போய் மூன்றாம் தட்டில் குந்தியிருந்து, எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன். கூத்து முடியட்டும். தலைவருக்குப் பிரஷர். அக்கா பெரிய மனுசி, தாங்குவா. ஒரு நாள் வாசலில் பை ஒன்று தொங்கியது. என் மந்திரிச் சட்டை, மடிப்புத் தைத்து முடித்து, அயர்ன் பண்ணியிருந்தது. உள்ளே ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

கூத்தன்று மண்டபம் நிரம்பிவிட்டது. திரைக்குப் பின்னால் தலைவர் தன் ராசா உடுப்பின் முதுகுக் கொக்கிகளைப் போட என்னைக் கூப்பிட்டார். அக்கா கொக்கியை உள்பக்கமாகத் தைத்திருந்தார், விரல் நுழைய இடம் இல்லை.

"அண்ணை, கதவைப் பூட்டினது நீங்கள்" என்றேன் அவர் முதுகுக்கு.

அவர் திரும்பாமலே "தெரியும்" என்றார். "இப்ப கொக்கியைப் போடு."

மேடையில் நான் மூன்று தரம் மன்றாடினேன். அண்ணாவியார் சொன்னபடி நிமிர்ந்து நின்று மன்றாடினேன். மருந்து தந்த கையை வெட்டாதே மன்னா என்ற அடியில் முன்வரிசைப் பெண்கள் மூக்கைத் துடைத்தார்கள். எனக்கோ என் குரலைக் கேட்கவே அலுப்பாக இருந்தது. ஓர் ஊசிக்காரிக்காக வாய் திறக்காதவன், இல்லாத ஒருத்திக்காக ஊர் கேட்க அழுகிறான்.

முடிந்து எல்லாரும் வரிசையாய் நிற்க, தலைவர் ராசா முடியோடேயே ஒலிவாங்கியைப் பிடித்து நன்றி சொன்னார். மண்டபம் தந்தவர், விளக்குப் பிடித்தவர், ரோல்ஸ் பொரித்தவர் என்று எல்லாரையும் சொன்னார். நாங்கள் போட்டுக்கொண்டு நின்ற உடுப்பைத் தைத்தவரைச் சொல்லவில்லை. நான் போய் ஒலிவாங்கியை வாங்கினேன்.

"இந்த உடுப்பு முழுக்கத் தைச்சது அம்மருட் அக்கா. அவ தானா அந்த வீட்டுக்குப் போகேல்லை. ராசா கூப்பிட்டவர், நான் ஏத்திக்கொண்டு போனனான். அவ வெளியிலைதான் எரிக்கிறன் எண்டவ. பல்கனிக் கதவைப் பூட்டினதும் அடுப்பைப் போட்டதும் ராசா. நான் பக்கத்திலை நிண்டனான். கூட்டத்திலை சொல்லாமல் விட்டனான்."

ஒலிவாங்கியைத் திருப்பி நீட்டினேன். பிறகு பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். ராசாவும் மந்திரியும் உடுப்போடு நிற்கிறோம், ட்வெய்ட்டாப் பகிடியைக் கூத்துக்குள் செருகிவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். சிரிப்பு முன்னுக்கு வந்தது. கை தட்டினார்கள். "மந்திரி கலக்கிப்போட்டான்" என்று ஒரு குரல். சிரிக்காமல் இருந்தவர்களை என்னால் எண்ண முடிந்தது. தலைவர், அண்ணாவியார், மூன்றாம் வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மகள். அவள் எழும்பி, "அது உண்மை" என்று சொன்னதை வாயசைவில்தான் கண்டேன். மத்தளக்காரர் மங்களத்துக்கு அடிக்கத் தொடங்கிவிட்டார்.

தலைவர் என்னோடு அதற்குப் பிறகு கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை, மற்ற வார்த்தைகளும் இல்லை. கோயில் வாசலில் கண்டால் தலையசைப்பார். கோப்பிக்கு வேறு மேசை.

அடுத்த நாள் பகல் சட்டையை எடுத்துக்கொண்டு லிஃப்டிலேயே மேலே போனேன். அக்கா கதவைத் திறந்து உள்ளே விட்டார். தேத்தண்ணி வைக்கவில்லை.

"எல்லாரும் சிரிச்சவையாமே."

"ஓம் அக்கா."

"கூட்டத்திலை சொல்லியிருந்தியெண்டா ஒருத்தரும் சிரிச்சிருக்கமாட்டினம்."

"ஓம் அக்கா."

"அவர் உனக்குக் கட்டில் தந்தவர். எனக்குத் தெரியும். அதுக்காக நீ என்னை நிலத்திலை படுக்க விட்டனி." அதைக் குரல் உயர்த்தாமல், நூல் கோர்க்கிற மாதிரிச் சொன்னார். "பிற்பாட்டுக்கு வரச்சொல்லி அண்ணாவியார் காலமை ரெலிபோன் எடுத்தவர். மாட்டன் எண்டுட்டன். தலைவரின்ரை மகளும் எடுத்தவள். அவளைப் பிள்ளையோடை வரச்சொல்லியிருக்கிறன். என்ரை பல்கனியிலை ஆரும் கதவு பூட்டமாட்டினம்."

பிறகு சட்டையை மேசையில் விரித்து, சவர அலகு ஒன்றை எடுத்துச் சரிகைக் கரையின் தையலை ஒவ்வொன்றாக அறுக்கத் தொடங்கினார்.

"என்னக்கா செய்யிறியள்?"

"என்ரை கூறைச் சேலைக் கரை. திருப்பிப் பெட்டிக்குள்ளை வைக்கப்போறன். மற்ற நுனியைப் பிடி, இழுபடாமல்."

நான் பிடித்தேன். கரை நீளம். அவர் அவசரப்படவில்லை. கை உளைந்தது, மாற்றிப் பிடித்தேன். அதை முழுக்கக் கழற்றி எடுக்கும்வரை நுனியை விடவில்லை.