அத்தை வேண்டிக்கொண்ட அங்கப்பிரதட்சிணம்

திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் என் முதுகுக்குள் திருகாணி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே வராந்தாவில் என் மாமியார் எனக்காகப் பெருமாளிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். நான் மயக்கத்தில் இருந்ததால் ஆட்சேபிக்க முடியவில்லை.

வேண்டுதலை எங்கள் சித்தூர்ப் பக்கம் மொக்கு என்போம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மருமகள் திருமலைக்கு வந்து அங்கப்பிரதட்சிணம் செய்வாள் என்பது அத்தையின் மொக்கு. அதாவது, ஈரத் துணியோடு கோயில் பிரகாரத்தில் நான் உருண்டு வர வேண்டும். மொட்டை இருக்கிறது, உண்டியல் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, முதுகெலும்பை முடுக்கி வைத்தவளுக்கு உருளுவதை வேண்டிக்கொண்டவர் உலகத்திலேயே என் அத்தை ஒருவராகத்தான் இருப்பார்.

எனக்குச் செய்தது ஸ்பைனல் ஃப்யூஷன் (நழுவிய முள்ளெலும்புகளைத் திருகாணியும் தண்டும் வைத்து இறுக்கி, ஒரே எலும்பாக ஒட்டவிடும் அறுவை). முதல் சில வருடங்கள் நன்றாகவே இருந்தேன். ‘இப்போதுதானே ஆபரேஷன் ஆனது’ என்று சொல்லிச் சொல்லி மொக்கைத் தள்ளிப்போட்டோம். பிறகு ஒரு மழைக்காலத்தில் வலி திரும்பி வந்தது.

அத்தைக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. “மொக்க வெச்சிக்கினு குடுக்காம இருந்தா அவரு சும்மா வுடுவாரா? வட்டி வாங்கறாரு” என்றார். வட்டிக் காசுக்காரர் என்று தெலுங்கில் பெருமாளுக்கே ஒரு பெயர் உண்டு. அதனால் எதிர்வாதம் செய்வது கஷ்டம்.

டாக்டரிடம் போனோம். அத்தையும் கூட வந்தார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பூரித்துப்போனார். “சாலா பாகுந்தம்மா, ரொம்ப நல்லா இருக்கு! ஸ்க்ரூ எல்லாம் வெச்சது வெச்ச மாதிரியே இருக்கு.”

“ஸ்க்ரூ நல்லா இருக்குது டாக்டர். நான்தான் நல்லா இல்ல” என்றேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். ஒட்டிய எலும்பு அசையாது. அதன் வேலையையும் சேர்த்து மேலும் கீழும் உள்ள மூட்டுகள் செய்கின்றன, அதனால் அவை தேய்கின்றன. வலி முழுவதும் போகும் என்று அவரால் சொல்ல முடியாது. வலியை வைத்துக்கொண்டே வாழ்க்கையை நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். “பொரளலாமா சாமி?”

டாக்டருக்குப் புரியவில்லை. அத்தை கையால் உருட்டிக் காட்டினார். புரிந்ததும் டாக்டரின் பேனா கீழே விழுந்தது. “அம்மா, தேவுடு ஒத்துக்கினாலும் நான் ஒத்துக்க மாட்டேன்!”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். “கீழ இருக்கிற டாக்டரு, மலை மேல நடக்கிறதுல எதுக்குத் தலையிடறாரு?”

உங்கள் முதுகிலும் திருகாணி இருந்தால் நான் கற்றதில் கொஞ்சம் சொல்கிறேன். எனக்கு வேலை திருப்பதியில், ஒரு டிராவல்ஸ் ஆபீஸில்; ஊரிலிருந்து பஸ்ஸில்தான் போய்வருகிறேன். பஸ்ஸில் பின்சீட்டில் உட்காராதீர்கள். பாதி வழியில் பாகாலா வருவதற்குள் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரையும் முதுகு எண்ணிவிடும். இடுப்பு பெல்ட்டைப் புடவைக்குள் கட்டினால் யாரும் இடம் தருவதில்லை. வெளியே கட்டினால் இடமும் தருவார்கள், கூடவே ஒரு கைவைத்தியமும் தருவார்கள். வீட்டில், பேசிங் (வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, வலி ஏறுவதற்கு முன்பே ஓய்வெடுப்பது) பழகுங்கள். குக்கரை வைத்துவிட்டு நான் படுத்துக்கொள்வேன். விசில் என்னை எழுப்பும்.

இதெல்லாம் வலிக்கு. அத்தைக்கு மருந்து இல்லை. “வலி இன்னும் போவலியா?” என்று தினமும் காலையில் கேட்பார். அந்தக் கேள்வி வலியைவிட அதிகமாகக் குத்தும். வீட்டில் என் வலியை யாரும் நோயாக நினைக்கவில்லை. நான் பெருமாளை ஏமாற்றியதற்குக் கிடைத்த பலனாக நினைத்தார்கள். அத்தை ஒரே ஒருமுறை என்னை நம்பிவிட்டால் போதும் என்று ஏங்கியிருக்கிறேன். என் வீட்டுக்காரர், தானே எனக்குப் பதிலாக உருளுவதாகச் சொன்னார். அவருடைய தொப்பையை அத்தை ஏற இறங்கப் பார்த்தார். “நீ பொரண்டா நின்ன எடத்துலயே ஆடிக்கினு இருப்பே. அதுவுமில்லாம, பேரு சொல்லி வேண்டிக்கினேன்.”

ஒருநாள் காலை கரண்டி கீழே விழுந்தது. என்னால் குனிய முடியவில்லை. “அப்பவே பொரண்டிருந்தா இந்நேரம் குனிஞ்சி எடுத்திருப்பே” என்றார் அத்தை.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பெல்ட்டைக் கழற்றி வீசினேன். “கெளம்புங்க அத்தே. இன்னிக்கே பொரள்றேன். ஸ்க்ரூ கழண்டாலும் கழலட்டும், உங்க மொக்கு தீரட்டும்.” விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று யாராவது காரை எடுத்திருந்தால் போயிருப்பேன்.

அத்தை என்னையே பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தார். அதன்பின் மொக்குப் பேச்சே இல்லை. கொஞ்ச நாள் கழித்து, திருப்பதியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினார்.

திரும்பி வந்தது வாடகைக் காரில். பின்சீட்டில் படுத்தபடி, “யாராவது என்னைத் தூக்குங்கடா” என்று குரல் கொடுத்தார். கூட வந்த என் நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டு இறங்கினாள். “மலைக்குப் போய்ப் பொரண்டுடுச்சி அண்ணி. வாயால சொன்னது நானு, ஒடம்பும் என்னுதா இருக்கட்டும்னு சொல்லுது.”

என் வீட்டுக்காரர் தூக்க ஓடினார். “தொடாதீங்க!” என்று கத்தினேன். இது என் இலாகா. “அத்தே, முட்டி ரெண்டையும் சேத்துக்கோங்க. இடுப்ப மட்டும் திருப்பாதீங்க, மொத்த ஒடம்பையும் ஒண்ணாத் திருப்புங்க.”

“அப்டித் திருப்பித் திருப்பித்தாம்மா இந்தக் கதி” என்றார் அத்தை.

தசைப்பிடிப்புதான், ஓய்வு போதும் என்றார் டாக்டர். அன்று சாயங்காலம் ஹாலில் இரண்டு பாய் விரித்து, முட்டிக்குக் கீழே தலையணை வைத்து, இருவரும் ஃபேனைப் பார்த்துப் படுத்திருந்தோம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்லிக்காட்ட நாக்கு துறுதுறுத்தது. அவர் முனகுவதைக் கேட்டு விட்டுவிட்டேன்.

“ஏம்மா, உனுக்கு தெனமும் இப்டியா இருக்குது?”

“தெனமும் இல்ல அத்தே. சில நாளு.”

“இத்த வெச்சிக்கினா பஸ்ஸுல போய் வந்துக்கினு இருந்தே?”

மல்லாந்து படுத்திருந்ததால் கண்ணீர் நேராகக் காதுக்குள் போனது.

அத்தைக்குச் சில நாளில் சரியாகிவிட்டது. “எனுக்குப் போயிடுச்சிம்மா” என்று, என் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டவர் போலத் தயங்கிச் சொன்னார். “மொக்கும் தீந்துடுச்சி. அப்புறம் ஏன் உனுக்குப் போவல?”

“தெரியல அத்தே.”

“அவரு மேலயும் தப்பில்ல, உம்மேலயும் தப்பில்ல” என்று அத்தை தீர்ப்புச் சொன்னார்.

எத்தனையோ வருடங்களை, வலி போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இந்த உடம்பு இனி இப்படித்தான் என்று ஒத்துக்கொண்டபின் அந்தக் காத்திருப்பு நின்றுபோனது. அத்தையின் கேள்வியும் மாறிவிட்டது. நேற்று, பங்காருபாளையத்திலிருந்து மாங்காய் மூட்டை வந்து இறங்கியதும் கேட்டார்:

“இன்னிக்கி எப்டி இருக்குது?”

“இன்னிக்கிப் பரவால்ல.”

“அப்ப வா, ஊறுகாய்க்கு வெட்டணும். பலகைய மேஜை மேல வெச்சிருக்கேன், நின்னுக்கினே வெட்டு.”

“வெட்டிட்டு நாளைக்கி எந்திரிக்க முடியலன்னா?”

“நாளைக்கி நான் வெட்டறேன். நீ படுத்துக்கினு உப்பு சரியா இருக்குதான்னு சொல்லு.”