கையை எடுத்த பின்னும் நிற்காத நாதஸ்வரம்

சாணார்பட்டிக்குப் பக்கத்து ஊர்க் கோயில் விழாவுக்கு எங்கள் வீட்டிலிருந்து போனவர்கள் அம்மா, அத்தை, நான். சித்தப்பா மதியமே போய்விட்டார். மேடையில் கீபோர்டு வாசிக்கப் போகிறவரே அவர்தான். அப்பா வரவில்லை. அன்று சாயங்காலம்தான் எங்கள் பக்கம் மும்முனை கரண்டு வரும். சம்பங்கிக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். தம்பியின் கல்யாணத்தைவிடச் சம்பங்கி பெரிதா என்று அம்மா கேட்டுப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பூ வேண்டாமா என்று கேட்டுவிட்டு அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

வராத இன்னொருவர், அந்த மெல்லிசைக் குழுவின் வழக்கமான கீபோர்டுக்காரர். அவருக்கு அம்மை போட்டிருந்தது. அந்தப் புண்ணியத்தில்தான் சித்தப்பாவுக்கு மேடை கிடைத்தது.

சித்தப்பாவுக்குப் பார்த்திருந்த பெண் அந்த ஊர்தான். பெண்ணின் அப்பா விழாக் கமிட்டித் தலைவர். பாட்டு, கச்சேரி என்று அலைகிற பையனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று இழுத்துக்கொண்டிருந்தார். மேடையில் ஒரு தடவை பார்த்துவிட்டால் தொழில் தெரிந்த ஆளா, சும்மா தட்டுகிற ஆளா என்பது தெரிந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எனவே அம்மாவும் அத்தையும் சாமி கும்பிட்டது கோயிலுக்குள் இல்லை, மேடைக்கு எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்துதான்.

சித்தப்பாவின் கீபோர்டு பழையது. அதன் சொந்தக் குரல் சைக்கிள் ஹாரனுக்கு ஒரு படி மேலே இருக்கும். ஆனால் குழுவிடம் பலகாரத் தட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. இரண்டையும் ஒரு ஒயரால் இணைத்தால், சித்தப்பா இங்கே கட்டையை அழுத்த, அங்கே பெட்டியிலிருந்து நாதஸ்வரம் வரும். கீபோர்டின் இடது ஓரத்துச் சக்கரத்தை உருட்டினால் அந்த நாதஸ்வரம் நெளிந்து மேலேறும். அதன் பெயர் மிடி ஒயர். பாவாடைக்கு வைக்க வேண்டிய பெயரை ஒயருக்கு எவன் வைத்தான் என்பது அத்தையின் கேள்வி. என் கணக்கு வேறு. தோட்டத்து ஹோஸ் பைப்பில் தண்ணீர் போவதுபோல அந்த ஒயருக்குள் சத்தம் போகிறது என்று நம்பியிருந்தேன்.

முதல் இரண்டு பாட்டும் அமோகம். மூன்றாவது பாட்டுக்கு முன்னால், நாதஸ்வரத்தில் ஒரு நீண்ட சுரத்தை அழுத்திச் சக்கரத்தையும் உருட்டி, சித்தப்பா கண்ணை மூடியிருந்தார். அப்போதுதான் பெண்ணின் அப்பா பேசுவதற்காக மேடையேறினார். கீபோர்டுக்குப் பின்புறமாக வந்து மைக்கைப் பிடித்தார். வருகிற வழியில் அவருடைய கால் ஒயரைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒயர் கீபோர்டிலிருந்து கழன்று அவருடைய கணுக்காலோடு கிடந்தது.

சித்தப்பா கையை எடுத்தார். நாதஸ்வரம் நிற்கவில்லை.

"தம்பி, செத்த நேரம் நிறுத்துங்க. ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்" என்றார் பெண்ணின் அப்பா, மைக்கிலேயே.

சித்தப்பா, போலீஸ் பிடித்தவனைப்போல இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். கூட்டம் சிரித்தது. நாதஸ்வரம் அதே இடத்தில் ஊதிக்கொண்டே இருந்தது. பெட்டிக்குக் கரண்டு வருகிற சுவிட்ச் பலகையை அணைத்தால் அதிலேயே செருகியிருந்த மைக்கும் அணையும். சத்தத்தைக் குறைக்க வேண்டிய மைக் செட்டுக்காரர் அன்னதானப் பந்தியில் இருந்தார். ஒயரை எடுத்துச் செருகலாம் என்றால், ஊர் பார்க்க வருங்கால மாமனாரைக் காலைத் தூக்கச் சொல்ல வேண்டும்.

அவரோ அசரவில்லை, அந்தச் சத்தத்துக்கு மேலேயே பேசினார். பேசப் பேச அவருடைய குரலும் அந்தச் சுருதியிலேயே போய் ஒட்டிக்கொண்டது. நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களையெல்லாம் ராகம் போட்டு இழுத்தார். பக்கத்து வரிசையில் ஒரு பெண் தாவணியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கியது. நான் எழுந்து ஒயரைக் காட்டப் போனேன். அத்தை என் தொடையில் கிள்ளினாள்.

"ஏலே, வாயத் தொறந்த, தோலை உரிச்சிப்புடுவேன்."

பேசி முடித்து அவர் காலை எடுத்ததும் சித்தப்பா பாய்ந்து ஒயரைச் செருகினார். சக்கரத்தை அசைத்து விட்டார். அதே கட்டையை இன்னொரு முறை அழுத்தி எடுத்தார். நாதஸ்வரம் கப்பென்று அடங்கியது.

கச்சேரி முடிந்து பெண்ணின் அப்பா வந்தார். "என்ன தம்பி, கைய எடுத்தப்புறமும் கத்துச்சே?"

சித்தப்பா அவருடைய காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "பெட்டியில சின்ன ரிப்பேரு மாமா."

மாமா என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

திரும்பும் வழியில் வேனில் சித்தப்பாவை நச்சரித்தேன். ஒயரே கழன்றுவிட்டதே, சத்தம் எப்படி வந்தது?

"உங்கப்பா வாய்க்கால்ல நின்னு 'போடு'ன்னு கத்துறாரு. நீ மோட்டார் ரூம்ல சுவிட்சப் போடுற. அப்புறம் 'நிறுத்து'ன்னு கத்துறாரு, உன் காதுல விழல. என்னாகும்?"

"தண்ணி போய்க்கிட்டே இருக்கும்."

"அம்புட்டுத்தான் அப்பு. ஒயர்ல சத்தம் போகல, சொல்லுதான் போகுது. அழுத்துனேன்னு சொன்னது போயிருச்சு, எடுத்துட்டேன்னு சொன்னது போகல. சக்கரத்தை ஏத்துனது போச்சு, இறக்குனது போகல."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் எடுத்தபோது, ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண், அழுத்தும் விசைக்கு ஓர் எண், சக்கரத்தின் ஏற்றத்துக்கு ஓர் எண் என்று அந்த ஒயரில் போவது வெறும் எண்கள்தான் என்று படித்தேன். படித்ததெல்லாம் அன்று வேனில் கேட்டதைத் தாண்டவில்லை.

சித்தப்பா சொன்ன ரிப்பேர்ப் பொய் மட்டும் அன்றோடு நிற்கவில்லை. தன் ஊர் மேடையில் பழுதானதைத் தானே சரிசெய்து தருவதாகப் பெண்ணின் அப்பா பிடிவாதமாக நின்றார். திண்டுக்கல்லில் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் பெட்டியைக் கொடுக்கவைத்தார். மெக்கானிக்கோ இன்று வா, நாளை வா என்று இழுத்தடித்தார். சித்தப்பா ஒவ்வொரு முறையும் கடைக்குப் போய்விட்டு, நிலவரம் சொல்லப் பெண் வீட்டுக்குப் போனார். நிலவரம் சொல்ல ஒரு டம்ளர் காபி நேரம் ஆகும். சில நாள் என்னையும் கூட்டிப்போவார். காபி கொண்டுவந்து வைக்கிற பெண், "இன்னும் கத்துதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடும்.

கடைசியில் மெக்கானிக் பெட்டியைத் துடைத்து, ஒரு பியூஸை மாற்றி, இனிமேல் கத்தாது என்று கையில் கொடுத்தார். அதன் பிறகு அது உண்மையிலேயே கத்தவில்லை. பார்த்தீர்களா என்று சித்தியின் அப்பா இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்.

பழுதே இல்லாத பெட்டிக்குச் சித்தப்பா எதற்காகப் பணம் கொடுக்கிறார், அதையும் ஏன் சிரித்துக்கொண்டே கொடுக்கிறார் என்று அன்று கடை வாசலில் நின்ற எனக்கு விளங்கவில்லை. முந்நூற்று ஐம்பது ரூபாய்.