விராலடிப்பானின் கண்கோடு

குளிர்காலத்தில் மட்டும் வலசை வரும் மீன்பிடிப் பருந்தான விராலடிப்பானைப் பார்த்துவிட வேண்டுமென்று ஞாயிறுதோறும் பைனாகுலரோடு பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் நின்றவன் நான். அது கிடைத்ததோ என்னோடு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலைபார்க்கும் பையனுக்கு. கம்பெனி பஸ் பழுதாகி ஏரியோரம் நின்றபோது, மின்கம்பத்தில் உட்கார்ந்திருந்ததைச் செல்போனில் எடுத்திருந்தான்.

"செம்பருந்துதானண்ணே இது?" என்று கேன்டீனில் நீட்டினான்.

'ஆமாம்' என்றால் அதோடு முடிந்துவிடும். உதிரிபாகத்தில் குறை தேடுவதுபோல் படத்தைப் பெரிதாக்கித் தேடினேன். செம்பருந்தின் செங்காவி உடல் இல்லை. வயிறு வெள்ளை, மார்பில் பழுப்புப் பட்டை. கண் வழியாகப் பின்கழுத்துவரை கருங்கோடு. கழிப்பதற்கு ஒன்றுமில்லை.

"விராலடிப்பான்" என்றேன்.

"இன்னாண்ணே, பெரிய ஐட்டமா?"

"வரும், போகும். போட்டோதான் கொஞ்சம் ஆடிப்போச்சு."

படம் துளியும் ஆடவில்லை.